கீபோர்டுக்குப் புதியவரா? முதலில் பின்கதவைக் காட்டுகிறேன்

காரைக்குடியில் என் டி.டி.பி. கடையில் (கம்ப்யூட்டரில் அடித்து, வடிவமைத்துக் கொடுக்கும் கடை) மாலை ஐந்து மணிக்கு மேல் வேலை தணிந்துவிடும். அந்த நேரத்தில் கம்ப்யூட்டர் பழக நாலைந்து பேர் வருவார்கள். ஆத்தங்குடியில் தரைக்கல் பட்டறையில் பில் போடவேண்டிய பையன், டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்கிற பெண், பிள்ளைகள் சிங்கப்பூரில் இருக்க வாடகைக் கணக்கைத் தானே எழுதிவைக்க நினைக்கிற பள்ளத்தூர் ஆச்சி. வயதும் தேவையும் வேறு வேறு. ஆனால் முதல் நாள் எல்லோருடைய கையும் ஒரே மாதிரிதான் இருக்கும்: கீபோர்டுக்கு ஓர் அங்குலம் மேலே, தொடாமல், அந்தரத்தில் நிற்கும்.

"தம்பி, தெரியாம எதையாச்சும் தட்டி எல்லாம் போயிருச்சுன்னா?" என்று ஆச்சி கேட்டார்கள். மற்றவர்கள் வாய்விட்டுக் கேட்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

முன்பெல்லாம் நானும் ஏ, பி, சி எங்கே இருக்கிறது என்பதில்தான் பாடத்தை ஆரம்பிப்பேன். இப்போது மாற்றிக்கொண்டேன். நம் பக்கத்துப் பெரிய வீடுகளில் முகப்பு ஒரு தெருவில் இருக்கும். வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று நடந்துபோனால் பின்கதவு அடுத்த தெருவில் திறக்கும். கல்யாணக் கூட்டத்தில் சிக்கிக்கொண்டாலும் பின்கதவு தெரிந்தவருக்குப் பதற்றம் இருக்காது. கீபோர்டுக்கும் அந்தப் பின்கதவைத்தான் முதலில் காட்டுகிறேன். நான் சொல்வது விண்டோஸ் கம்ப்யூட்டருக்கு.

1. திரும்பி வரும் வழி

இடது மேல் மூலையில் தனியாக ஒரு விசை இருக்கும். அது எஸ்கேப். 'வேண்டாம், விடு' என்று கம்ப்யூட்டரிடம் சொல்கிற விசை. நீங்கள் கேட்காமலே ஒரு பெட்டி திரையில் வந்து நிற்கிறதா, ஏதோ மெனு விரிந்துவிட்டதா, வீடியோ திரை முழுக்க அடைத்துக்கொண்டதா, எஸ்கேப்பை ஒரு தட்டுத் தட்டுங்கள். பெரும்பாலும் சரியாகிவிடும்.

அடுத்தது கன்ட்ரோல் + இசட். கடைசியாகச் செய்ததைச் செய்யாததாக ஆக்குவது இது. இதைச் சொல்லித் தருவதைவிடச் செய்துபார்க்க வைப்பதே நல்லது. கடிதம், கட்டுரை அடிக்கிற மென்பொருளான வேர்டில் ஒரு வெற்றுப் பக்கம் திறந்து உங்கள் பெயரை அடியுங்கள். பிறகு எழுத்து விசைகளின் மேல் பத்து விரலாலும் மேளம் வாசியுங்கள். கிறுக்கலாக ஒரு வரி வரும். இப்போது இடது கீழ் மூலையில் இருக்கும் கன்ட்ரோலை அழுத்திப் பிடித்துக்கொண்டே இசட்டைத் தட்டிக்கொண்டே போங்கள். கிறுக்கல் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வாங்கி உங்கள் பெயர் மட்டும் நிற்கும். கூடுதலாக அழித்துவிட்டீர்களா? கன்ட்ரோல் + ஒய் அதைத் திரும்பக் கொண்டுவரும். ஆச்சி இதை ஏழெட்டுத் தடவை முன்னும் பின்னும் செய்துபார்த்தார்கள். அதற்கப்புறம் கை தானாகக் கீழே இறங்கியது.

இசட்டால் மீட்க முடியாதவையும் உண்டு, அவற்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். அனுப்பிவிட்ட மெயில் திரும்பாது. சேமிக்காமல் மூடிய கோப்பு இதனால் வராது. ஒரு கோப்பைத் தேர்ந்தெடுத்து டெலீட் தட்டினால் அது ரீசைக்கிள் பின் என்ற குப்பைக் கூடைக்குப் போகும், எடுத்துக்கொள்ளலாம். ஷிஃப்டையும் சேர்த்து அழுத்தி டெலீட் செய்தால் அங்கேகூட போகாது. ஆகவே முதல் நாளே கன்ட்ரோல் + எஸ் பழகுங்கள். அது சேமிக்கும் விசை. எங்கள் ஊரில் மின்சாரம் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. பத்திக்கு ஒரு தடவை அதைத் தட்டுவது என் கைக்கே பழகிப்போன ஒன்று.

2. அடுத்தாள்கள்

கன்ட்ரோலையும் இசட்டையும் ஒரே நேரத்தில் 'டப்' என்று தட்டுவதுதான் புதியவர்கள் எல்லோரும் செய்கிற தவறு. இரண்டு விசைக்கும் ஒரே வேலை இல்லை. இதை ஆச்சிக்கு விளக்க எனக்கு ஒரு வழி கிடைத்தது. பர்மாவிலும் மலாயாவிலும் இருந்த நம்மவர்களின் லேவாதேவிக் கடைகளில், அதாவது வட்டிக்குப் பணம் கொடுக்கும் கடைகளில், முதலாளி ஊரில் இருப்பார். அங்கே மேலாள், அவருக்கு அடுத்தாள், அப்புறம் பெட்டியடிப் பையன் என்று வரிசை. அடுத்தாள் தனியாக எதையும் முடிவு செய்வதில்லை. கூட நின்றால் காரியம் மாறும். கன்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட் மூன்றும் அந்த அடுத்தாள்கள். தனியாகத் தட்டினால் பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. முதலில் அடுத்தாளை அழுத்தி நிறுத்துங்கள், அப்புறம் மற்ற விசையை ஒரே தட்டுத் தட்டி விடுங்கள், கடைசியாக அடுத்தாளை விடுங்கள்.

"எங்க ஐயா ரங்கூன்ல பெட்டியடியாத்தான் போனாக" என்றார்கள் ஆச்சி. அதற்குப் பிறகு எனக்குச் சொல்லித்தர வேண்டியதே இல்லாமல் போயிற்று.

ஷிஃப்டை அழுத்தினால் பெரிய எழுத்து வரும். எண் விசையின் தலைமேல் எழுதியிருக்கும் குறியும் வரும். ஷிஃப்ட் என்றால் நகர்த்துவது. 1874இல் விற்பனைக்கு வந்த ஷோல்ஸின் தட்டச்சுப் பொறியில் பெரிய எழுத்து மட்டும்தான். 1878இல் வந்த ரெமிங்டன் இரண்டாம் மாடலில் இந்த விசை வந்தது. உள்ளே இருந்த பாகத்தை உண்மையாகவே நகர்த்தி வேறு எழுத்தை விழச் செய்தது. இப்போது எதுவும் நகர்வதில்லை, பெயர் மட்டும் நின்றுவிட்டது. எழுத்துகள் க்யூ, டபிள்யூ, இ, ஆர் என்று அகர வரிசை இல்லாமல் கலைந்து கிடப்பதும் அதே ஷோல்ஸ் விட்டுப்போன சொத்துதான்.

ஒரு சின்ன விஷயம். ஷிஃப்டை ஐந்து தடவை தொடர்ந்து தட்டினால் 'ஸ்டிக்கி கீஸ்' என்று ஒரு பெட்டி வந்து கேட்கும். பயப்பட வேண்டாம், எஸ்கேப். ஆனால் ஒரு கையால் மட்டும் அடிக்க முடிந்தவர்களுக்கு அது பெரிய உதவி: அடுத்தாளை அழுத்திப் பிடிக்காமல் ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டினாலே போதும்.

விண்டோஸ் கொடி போட்ட விசை மட்டும் தனியாகவும் வேலை செய்யும். அதைத் தட்டி 'வேர்டு' என்று ஆங்கிலத்தில் அடித்து என்டர் கொடுத்தால் வேர்டு திறக்கும். மவுசைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

3. கை உட்காரும் இடம்

எஃப், ஜே விசைகளைத் தடவிப் பாருங்கள். சின்னதாக ஒரு மேடு இருக்கும். இரண்டு ஆள்காட்டி விரலும் அங்கே. மற்ற விரல்கள் பக்கத்தில் வரிசையாக. கட்டை விரல் ஸ்பேஸ் பார் மேல். கண்ணால் பார்க்காமலே கை தன் இடத்தைக் கண்டுபிடிக்கத்தான் அந்த மேடு. பத்து விரலால் அடிக்க ஆசை இருந்தால் முதல் வாரமே இந்தப் பழக்கத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு ரெண்டு பில் போடுபவருக்கு ரெண்டு விரலே போதும் என்பது என் கட்சி. பையனுக்கு நான் வற்புறுத்தவில்லை. பரீட்சைக்குப் படிக்கிற பெண்ணை விடவில்லை.

4. பேக்ஸ்பேஸ், டெலீட், என்டர், டேப்

பேக்ஸ்பேஸ் இடது பக்கம் இருக்கும் எழுத்தைத் தின்னும். டெலீட் வலது பக்கத்தைத் தின்னும். கன்ட்ரோல் சேர்த்தால் ஒரு சொல்லையே விழுங்கும்.

என்டரில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். தட்டச்சுப் பொறியில் வரி முடிந்ததும் கைப்பிடியைத் தள்ளி அடுத்த வரிக்குப் போகவேண்டும். கம்ப்யூட்டரில் இடம் தீர்ந்தால் வரி தானே மடங்கும். பத்தி முடியும்போது மட்டும்தான் என்டர். தட்டச்சு பழகிய பெரியவர் ஒருவர் மணிவிழா அழைப்பிதழை வீட்டிலேயே அடித்துக்கொண்டு வந்தார். வரிக்கு வரி என்டர். நடுவில் கொண்டுவர வரிக்கு முப்பது ஸ்பேஸ். எழுத்தை ஒரு அளவு பெரிதாக்கினேன், தாத்தா பெயர் ஒரு வரியிலும் இனிஷியல் வேறு வரியிலுமாகச் சிதறியது. ஒவ்வொரு என்டராக நான் பொறுக்கி எடுத்து முடித்தபோது மணி எட்டரை. வரியை நடுவில் நிறுத்த ஸ்பேஸ் தேவையில்லை: வேர்டில் கன்ட்ரோல் + இ.

வாட்ஸ்ஆப்பைக் கம்ப்யூட்டரில் பயன்படுத்தும்போது என்டர் என்றால் 'அனுப்பு'. பாதி வாக்கியம் போய்விடும். அங்கே அடுத்த வரி வேண்டுமானால் ஷிஃப்ட் + என்டர்.

டேப் விசை படிவம் நிரப்பத்தான் பிறந்தது போல. பெயர், முகவரி, தொலைபேசி எண் என்று கட்டம் கட்டமாகத் தாண்டும். ஷிஃப்ட் சேர்த்தால் முந்திய கட்டத்துக்குத் திரும்பும். கட்டம் போட்டுக் கணக்கு எழுதும் எக்செல்லில் டேப் வலது பக்கம் நகரும், என்டர் கீழே இறங்கும். பில் போடுகிற பையனுக்கு நான் சொன்னது: கல்லின் டிசைன், டேப், எத்தனை சதுர அடி, டேப், விலை, என்டர். வரிசை முடிந்ததும் என்டர் கொடுத்தால், டேப் ஆரம்பித்த கட்டத்துக்கு நேர் கீழே, அடுத்த வரியில் போய் நிற்கும். அதைப் பார்த்த அன்றைக்கு அவன் மவுசைத் தள்ளி வைத்தான்.

கேப்ஸ் லாக் பற்றி ஒன்றே ஒன்று. ஒரு வங்கியின் இணையதளத்தில் கடவுச்சொல்லை மூன்று தடவை தப்பாக அடித்து என் கணக்கை நானே பூட்டிக்கொண்டேன். கடவுச்சொல் சரிதான். கேப்ஸ் லாக் விளக்கு எரிந்துகொண்டிருந்ததை நான்தான் பார்க்கவில்லை. கடவுச்சொல் அடிக்கும்போது புள்ளி புள்ளியாகத்தான் தெரியும், பெரிய எழுத்தா சின்ன எழுத்தா என்று தெரியாது. ஒருமுறை தப்பு என்று சொன்னால், மறுபடி அடிக்கும் முன் அந்த விளக்கைப் பாருங்கள்.

5. ஒன்றை எடுத்து இன்னோர் இடத்தில் வைப்பது

அம்புக்குறி விசைகள் நான்கும் எழுதும் இடத்தை நகர்த்தும். ஹோம் வரியின் தொடக்கத்துக்கும் எண்ட் வரியின் கடைசிக்கும் போகும். இவற்றோடு ஷிஃப்டை நிறுத்தினால் போகிற வழியெல்லாம் நிறம் மாறும், அதாவது அந்தப் பகுதி தேர்வாகிவிட்டது. கன்ட்ரோல் + ஏ என்றால் மொத்தமும்.

தேர்வானதும் கன்ட்ரோல் + சி நகல் எடுக்கும், கன்ட்ரோல் + எக்ஸ் வெட்டி எடுக்கும், கன்ட்ரோல் + வி ஒட்டும். எக்ஸ் கத்தரிக்கோல் மாதிரி இருக்கிறது என்று நினைவு வைத்துக்கொள்ளுங்கள். வி, சி-க்குப் பக்கத்திலேயே இருக்கிறது. வெட்டி ஒட்டும் இந்த முறையை 1970களில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கியவர்களில் லாரி டெஸ்லர் முக்கியமானவர். ஜெராக்ஸ் கடைக்காரனான எனக்கு இதில் ஒரு சின்னப் பெருமை.

கையில் ஒரு பொருள்தான் இருக்கும் என்பதை மறக்காதீர்கள். ஒன்றை நகல் எடுத்து, ஒட்டாமலே இன்னொன்றை நகல் எடுத்தால் முதலாவது போய்விடும். எங்கள் பக்கத்து அழைப்பிதழில் பங்காளி, தாயபிள்ளை என்று பெயர்ப்பட்டியல் நீளும். இந்தத் தவறு அங்கே அடிக்கடி நடக்கும். விண்டோஸ் + வி தட்டி ஒருமுறை அனுமதித்துவிட்டால், எடுத்த நகல்கள் பட்டியலாக நிற்கும், எது வேண்டுமோ அதைத் தேர்ந்துகொள்ளலாம்.

6. எண்களும் கணக்கும்

பெரிய கீபோர்டில் பொதுவாக 104 விசைகள். அதில் வலது ஓரத்தில் தனியாக நிற்கும் எண் பகுதி கணக்கு எழுதுபவர்களுக்கானது. நடுவில் 5 மேல் ஒரு மேடு இருக்கும், நடுவிரல் அங்கே. போனில் 1, 2, 3 மேலே இருக்கும். இங்கே 7, 8, 9தான் மேலே, கால்குலேட்டர் மாதிரி. போனில் பழகிய கைக்கு இரண்டு நாள் தடுமாறும்.

எண் விழவே இல்லை, எழுதும் இடத்தைக் காட்டும் கர்சர் மட்டும் துள்ளுகிறது என்றால் 'நம் லாக்' (Num Lock) விசை அணைந்திருக்கிறது. அதை ஒரு தட்டுத் தட்டுங்கள். கடையில் எனக்கு வரும் 'கீபோர்டு ரிப்பேர்' புகார்களில் இதுவும் ஒன்று. காசு வாங்குவதில்லை.

ரூபாய்க் குறி வேண்டுமா? மொழி அமைப்பில் 'ஆங்கிலம் (இந்தியா)' தேர்ந்தெடுத்திருந்தால், வலது பக்க ஆல்ட்டைப் பிடித்துக்கொண்டு மேல் வரிசையின் 4ஐத் தட்டுங்கள். ₹ விழும். 2010இல் நடுவண் அரசு ஏற்றுக்கொண்ட இந்தக் குறியை வடிவமைத்தவர் நம் தமிழ்நாட்டுக்காரர் உதயகுமார்.

மேல் வரிசையில் எஃப்1 முதல் எஃப்12 வரை உள்ள விசைகளுக்கு மென்பொருளுக்கு மென்பொருள் வேலை மாறும். எஃப்1 உதவி, எஃப்2 கோப்பின் பெயரை மாற்றுவது, எஃப்5 இணையப் பக்கத்தைப் புதுப்பிப்பது, எஃப்11 முழுத்திரை. மற்றவை அவரவர் தேவைக்கு. ஆனால் டேலி என்ற கணக்கு மென்பொருளைப் பயன்படுத்துகிற கடைகளில் இந்த வரிசைதான் உயிர்: எஃப்4 கான்ட்ரா, அதாவது வங்கிக்கும் கைக்கும் இடையே பணம் மாறுவது, எஃப்5 பணம் கொடுத்தது, எஃப்6 பணம் வந்தது, எஃப்7 ஜர்னல், எஃப்8 விற்றது, எஃப்9 வாங்கியது. பேரேடும் ஐந்தொகையும் பார்த்து வளர்ந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு இது ஒரு மணி நேரப் பாடம். ஒன்றில் மட்டும் கவனம்: மற்ற இடங்களில் கன்ட்ரோல் + ஏ எல்லாவற்றையும் தேர்ந்தெடுக்கும், டேலியில் அதுவே பதிவை ஏற்றுச் சேமித்துவிடும்.

லேப்டாப்பில் எஃப்5 தட்டினால் ஒலியோ வெளிச்சமோ மாறுகிறதா? எஃப்என் என்று எழுதிய விசையையும் சேர்த்துப் பிடியுங்கள்.

7. தமிழ்

"தமிழ் எழுத்து 247. அத்தனைக்கும் இதுல எங்க இடம்?" என்று அந்தப் பெண் கேட்டாள். நியாயமான கேள்வி. பதில் நம் இலக்கணத்திலேயே இருக்கிறது: உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1. ஆக 31 விசை. மிச்சத்தை உயிரும் மெய்யும் சேர்ந்து பெற்றுக்கொள்ளும். 1999இல் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 அமைப்பு இதன்படிதான் செய்யப்பட்டது. விண்டோஸ் அமைப்புகளில் மொழிப் பகுதிக்குப் போய்த் தமிழைச் சேர்த்து, அதன் கீபோர்டாகத் தமிழ்99ஐத் தேர்ந்தெடுங்கள். ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் மாற விண்டோஸ் + ஸ்பேஸ்.

உயிரெழுத்துகள் இடது கைக்கு, மெய்கள் பெரும்பாலும் வலது கைக்கு. நடு வரிசையில் ஆங்கில ஏ-யில் தொடங்கி அ, இ, உ, ஃ, எ. எச்-இல் தொடங்கி க, ப, ம, த, ந, ய. ஆ வேண்டுமானால் க்யூ. எச் தட்டினால் க. அதோடு க்யூ தட்டினால் கா. பள்ளியில் படித்த உயிர்மெய்தான், விரலால் எழுதுகிறோம்.

ஒரே மெய்யை இரண்டு தடவை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும். 'அப்பத்தா' அடித்துப் பாருங்கள்: ஏ, ஜே, ஜே, எல், எல், க்யூ. ஆறு தட்டு. ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற போன்ற இணைகளுக்கும் புள்ளி தானே வரும். ஆகவே 'கம்பன்': எச், கே, ஜே, ஆங்கில ஐ, கடைசிப் புள்ளிக்கு எஃப். கம்பன் கழகம் 1939இலேயே தொடங்கிய ஊரில் அந்தப் பெயரில் பயிற்சியை ஆரம்பிப்பதுதான் மரியாதை. தானாக விழும் புள்ளி வேண்டாத இடமும் உண்டு. 'பப்பாளி'யில் முதல் ப-வுக்குப் புள்ளி கூடாது. அங்கே நடுவில் அ-வைத் தட்டித் தடுக்க வேண்டும்: ஜே, ஏ, ஜே, ஜே, க்யூ என்று அடித்தால் 'பப்பா' வரும்.

ஆங்கில எழுத்தில் 'அம்மா' என்று ஒலியை அடித்துத் தமிழ் வரவைக்கும் முறையும் இருக்கிறது. போனில் அப்படிப் பழகியவர்கள் அதையே கேட்கிறார்கள். நாலு வரி எழுத அது போதும். தினமும் பக்கக்கணக்கில் அடிப்பவர் ஒரு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு தமிழ்99 பழகிவிடுவது நல்லது. 'அம்மா'வுக்கு இதில் நான்கே தட்டு, அதோடு தமிழைத் தமிழாகவே நினைத்து அடிக்கலாம். தட்டச்சு நிலையத்தில் படித்தவர்களுக்குப் பழைய தட்டச்சுப் பொறி அமைப்பும் தனியாக உண்டு. பழகிய கையை நான் மாற்றச் சொல்வதில்லை.

8. மிச்சம்

திரையைப் படம் பிடிக்க பிரின்ட் ஸ்கிரீன். ஒரு பகுதி மட்டும் போதும் என்றால் விண்டோஸ் + ஷிஃப்ட் + எஸ். பாஸ் (Pause) விசையை நான் கடைசியாக எப்போது தொட்டேன் என்று நினைவில்லை. ஸ்க்ரோல் லாக் தெரியாமல் அழுந்திவிட்டால், எக்செல்லில் அம்புக்குறி தட்டும்போது கட்டம் மாறாமல் தாளே நகரும். மறுபடி தட்டினால் சரி. எதுவுமே அசையாமல் கம்ப்யூட்டர் உறைந்துபோனால் கன்ட்ரோல் + ஆல்ட் + டெலீட் மூன்றையும் சேர்த்துப் பிடியுங்கள். ஐ.பி.எம். பொறியாளர் டேவிட் பிராட்லி கொடுத்த வழி அது. வரும் பட்டியலில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, மாட்டிக்கொண்ட நிரலை மட்டும் நிறுத்தலாம்.

இன்சர்ட் விசையைப் பற்றிச் சொல்ல மறந்தே போனேன், ஆச்சி போனில் கூப்பிடும் வரை. வீட்டுக் கம்ப்யூட்டரில் வேர்டுக்குப் பதிலாக லிப்ரே ஆபீஸ் வைத்திருக்கிறார்கள். "தம்பி, நான் அடிக்க அடிக்கப் பின்னாடி இருக்கிற எழுத்தைத் திங்குது."

"டெலீட்டுக்குப் பக்கத்தில் இன்சர்ட்டுன்னு ஒண்ணு இருக்கும் ஆச்சி, அதை ஒருதரம் தட்டுங்க."

"தட்டிட்டேன், நின்னுருச்சு. தின்னதை ஏற்கெனவே இசட் போட்டு மீட்டுக்கிட்டேன். ஏன் திங்குதுன்னு கேக்கத்தான் கூப்பிட்டேன்."